அம்மா தலையில் அடித்த சத்தியம்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, பங்குனி மாதம், மதுரை வண்டியூர் தெப்பக்குளத்துக்குக் கிழக்கே ஒரு திடலில் காதணி விழாவுக்கு லைட் கட்டிக்கொண்டிருந்தோம். எங்கள் பக்கம் காதுகுத்துக்குக் கல்யாணத்தைவிட அதிகமாகச் செலவழிப்பவர்கள் உண்டு. திடலின் நான்கு மூலையிலும் இரும்புக் கோபுரம் நிறுத்தி, உச்சியில் விளக்குகளை மாட்ட வேண்டும். வெயில் ஏறுவதற்குள் மேல்வேலையை முடித்துவிடுவது வழக்கம். அன்று ஜெனரேட்டர் வருவதற்குத் தாமதமாகிவிட்டது.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். திருப்பூரில் சாயப்பட்டறை, கேரளாவில் மரம் அறுப்பு, பிறகு போர்வெல் லாரி என்று சுற்றிவிட்டு, லைட் செட் வேலையில் ஒட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் குழுவில் உயரத்துக்குப் பயப்படாதவன் ஒரே ஒரு தம்பிதான். பரவைக்காரன், இருபத்தாறு வயது. கோவாவில் இரண்டு சீசன் கடற்கரை ஓட்டல்களில் லைட் வேலை பார்த்துவிட்டு ஊருக்கு வந்தவன். கோபுரத்தில் ஏறினால் கீழே பார்க்கவே மாட்டான். அதற்காகவே முதலாளி அவனை வைத்திருந்தார்.

அன்று நான் கீழே நின்று கயிற்றில் விளக்கைக் கட்டி மேலே அனுப்பினேன். விளக்கு அவன் முகத்துக்கு நேராகப் போய் நின்றது. அவன் எடுக்கவில்லை. கூப்பிட்டேன். குனியவில்லை. ஒரு கையால் கம்பியை அணைத்துக்கொண்டு, இன்னொரு கையை முகத்துக்கு எதிரே நீட்டி அதையே பார்த்துக்கொண்டிருந்தான். இடுப்பு பெல்ட்டின் கொக்கி மாட்டப்படாமல் தொங்குவது கீழிருந்தே தெரிந்தது.

கயிற்றை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு ஏறினேன். பக்கத்தில் போனதும் அவன் என்னைப் பார்த்துச் சாதாரணமாகத்தான் கேட்டான்.

"அண்ணே, இது யார் கை?"

"உன் கைதான்டா."

"இல்லண்ணே. அது அங்க இருக்கு. நான் இங்க இருக்கேன்."

குரலில் பயமே இல்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. அவன் பெல்ட்டின் கொக்கியை என் இடுப்பில் மாட்டிக்கொண்டு, அவன் கால் ஒவ்வொன்றையும் பிடித்துக் கம்பியில் வைத்து வைத்து இறக்கினேன். அவன் கையை விட்டிருந்தால் இரண்டு பேரும் சேர்ந்துதான் விழுந்திருப்போம்.

கீழே வந்ததும் விழா வீட்டுக்காரர்கள் கூடிவிட்டார்கள். வெயில்தான், பித்தம் தலைக்கு ஏறிவிட்டது என்றார் ஒரு பெரியவர். உப்புப் போட்டு எலுமிச்சைச் சாறு கொடுத்தார்கள். எங்கள் சவுண்டுக்காரர், "காலையிலருந்து எத்தன தடவ ஒண்ணுக்குப் போனான் தெரியுமா? ஒடம்புல தண்ணி இருந்தாத்தான மாப்ள நிக்க முடியும்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அவனுக்குக் குழுவில் தண்ணி லாரி என்று பேர். ஒரு வருடமாகவே அப்படித்தான். லாரியில் மேலூர் போய்ச் சேர்வதற்குள் இரண்டு மூன்று தடவை நிறுத்தச் சொல்வான். அதனால் எப்போதும் பின்பக்கம் ஓரமாகத்தான் உட்காருவான். "உனக்குன்னு குழாய் போட்டு ஒரு டேங்க் கட்டணும்டா" என்று சவுண்டுக்காரர் சொல்வார். இறங்கிப் போனவன் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு, உதட்டைக் கடித்தபடி திரும்பி வருவான். எரிகிறது என்பான். மதுரை வெயிலில் வேலை பார்ப்பவன் எரிகிறது என்று சொன்னால் யாரும் இரண்டாவது கேள்வி கேட்பதில்லை. கண் சிவந்தால் சூடு. வாயில் புண் வந்தால் சூடு. நீர் கடுத்தால் சூடு. ஆளாளுக்கு வைத்தியம் சொன்னோம். கால் பெருவிரலில் சுண்ணாம்பு தடவச் சொன்னவன் நான். தொப்புளில் விளக்கெண்ணெய் வைக்கச் சொன்னவர் சவுண்டுக்காரர்.

எல்லாரையும்விட அதிகமாக வைத்தியம் செய்தது அவன் அம்மா. பரவை மார்க்கெட்டில் காய்கறி எடுத்து, ஆரப்பாளையம் பக்கம் தெருத் தெருவாகத் தள்ளுவண்டியில் விற்பவர். என்னை அவன் அண்ணே என்பான். அவன் அம்மாவை நான் அக்கா என்பேன். முறை இடிக்கிறதே என்று யாரும் பார்த்ததில்லை. அக்கா விடியும் முன் மார்க்கெட்டுக்குப் போனால் முதலில் எடுப்பது மகனுக்கு ஒரு வாழைத்தண்டுதான். நாரை உருவி, இடித்துச் சாறு பிழிந்து, எவர்சில்வர் பாட்டிலில் ஊற்றிக் கையில் கொடுப்பார். அது தவிர சுரைக்காய், வெள்ளரி, முள்ளங்கி. அந்த வீட்டில் ஒரு வருடமாக வேறு குழம்பே வைக்கவில்லை.

கோபுரத்திலிருந்து இறக்கிய மறுவாரம், சமயநல்லூர்ப் பக்கம் ஒரு டீக்கடையில் வண்டியை நிறுத்தினோம். கடைக்குப் பின்னால் இருந்த கழிப்பறையிலிருந்து அவன் வெளியே வந்தபோது முகத்தில் ரத்தமே இல்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டான். நான் உள்ளே போய்ப் பார்த்தேன். சிவப்பாக இருந்தது. கட்டி கட்டியாகவும் இருந்தது.

வேலையை அப்படியே விட்டுவிட்டு, சவுண்டுக்காரரின் பைக்கில் அவனை உட்காரவைத்துப் பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். வழியில் நாலு இடத்தில் நிறுத்தச் சொன்னான்.

அங்கே ஒரு பெண் டாக்டர் பார்த்தார். சின்ன வயதுதான். ஸ்கேன் எடுத்துவரச் சொல்லி, படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். கல் எதுவும் இல்லை என்றார். சிறுநீர்ப்பை சுருங்கிச் சின்னதாகிவிட்டது, சுவர் தடித்துவிட்டது, இந்த வயதில் இப்படி இருக்கக் கூடாது என்றார். பிறகு அவனைப் பார்த்து, ஏதாவது பொடி, மாத்திரை, ஊசி என்று பழக்கம் உண்டா என்று கேட்டார்.

அவன் வாயைத் திறப்பதற்குள் நான் பதில் சொன்னேன். "மேடம், இவனுக்கு பீடிகூடக் கிடையாது. நான் கேரண்டி."

எனக்கு அந்தத் தைரியம் இருந்தது. நான் பார்க்காத போதை இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். குடித்தவன் பக்கத்தில் வந்தாலே தெரியும். கஞ்சா கண்ணில் தெரியும். சாயப்பட்டறையில் கெமிக்கல் மோந்து பார்த்துக் கெட்டுப்போனவர்களோடு ஒரே அறையில் படுத்திருக்கிறேன். இவனிடம் ஒரு வாசமும் இருந்ததில்லை. சில நாள் நடை கொஞ்சம் தள்ளாடும், பேச்சு இழுக்கும். தூக்கம் போதவில்லை என்பான். லைட் வேலையில் யாருக்குத்தான் தூக்கம் போதும்?

அந்த நேரத்தில் அக்கா வந்து சேர்ந்தார். தள்ளுவண்டியைத் தெரிந்த கடையில் விட்டுவிட்டு ஓடிவந்திருக்கிறார். கையில் அந்த எவர்சில்வர் பாட்டில் இருந்தது. டாக்டரிடம் அதை நீட்டி, பெருமையாகத்தான் சொன்னார்.

"நான் விடாம குடுத்துக்கிட்டுத்தாம்மா இருக்கேன். வலியில துடிப்பான். இதக் குடிச்சிட்டு ரூமுக்குள்ள போயிப் படுத்தான்னா, கொஞ்ச நேரத்துல வலி இருந்த இடம் தெரியாது. அப்படியே அசையாம கெடப்பான். இப்ப ஒரு தடவதான் குடுக்குறேன். ரெண்டு தடவையாக் குடுக்கலாமா?"

டாக்டர் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தினார். "ரூம் கதவைச் சாத்திக்குவாரா?" என்று கேட்டார்.

"ஆமா. வெளிச்சம் கண்ணு கூசுதும்பான்."

டாக்டர் அவன் பக்கம் நாற்காலியைத் திருப்பிக்கொண்டார். "தம்பி, நான் போலீஸ் இல்ல. நீங்க எடுக்குறது கெட்டமினா?"

அவன் என்னைப் பார்த்தான். பிறகு அம்மாவைப் பார்த்தான். கடைசியில் பாட்டிலைப் பார்த்துக்கொண்டே தலையை ஆட்டினான்.

அந்தப் பெயரை நான் அன்றுதான் முதலில் கேட்டேன். அக்காவும்தான். அது என்னம்மா என்று கேட்டார். ஆபரேஷனுக்கு மயக்கம் கொடுக்கிற மருந்து, மாட்டு டாக்டர்களும் வைத்திருப்பார்கள் என்றார் டாக்டர்.

"மருந்துதான?" என்றார் அக்கா. முகத்தில் கொஞ்சம் தெம்புகூட வந்தது.

"எங்க கையில இருந்தா மருந்தும்மா. அளவு பாத்து, ஆளப் பக்கத்துல வச்சுக்கிட்டுக் குடுப்போம். இவர் தினமும் எடுத்திருக்காரு. அது சிறுநீர் வழியாத்தான் வெளிய போகும். போற வழியெல்லாம் புண்ணாக்கிட்டுப் போகும். புண்ணு வலிக்கும். வலிக்குதுன்னு திரும்ப எடுப்பாரு. எடுத்தா மரத்துப்போயிரும், வலி தெரியாது. மருந்து எறங்குனதும் முன்னவிட அதிகமா வலிக்கும். திரும்ப எடுப்பாரு."

அக்கா கையிலிருந்த பாட்டிலைப் பார்த்தார். பிறகு கேட்டார். "அப்ப என் சாறு?"

"அதுல கெடுதல் ஒண்ணும் இல்லம்மா. ஆனா வலிய நிறுத்துனது அது இல்ல."

நான் எத்தனையோ சாவு வீட்டில் நின்றிருக்கிறேன். அந்தப் பதிலைக் கேட்டபோது அக்காவின் முகம் போன போக்கை எங்கேயும் பார்த்ததில்லை. பாட்டிலை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார்.

கோவாவில் வேலை முடிந்தபின் கூட்டத்தோடு கூட்டமாகத் தொட்டது என்று அவன் பிறகு சொன்னான். உடம்பை ஓரமாகக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்த மாதிரி இருக்குமாம். ஊருக்கு வந்தபின் அங்கிருந்த ஒருவன் மூலமாகக் கிடைத்துக்கொண்டிருந்திருக்கிறது. முதலில் சுகத்துக்கு, பிறகு பழக்கத்துக்கு, கடைசியில் வலிக்கு.

ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இந்தப் பழக்கத்தை அப்படியே மாற்றிவிடுகிற மருந்து எதுவும் கிடையாது என்று டாக்டர் முதலிலேயே சொல்லிவிட்டார். முழுசாக நிறுத்தினால் புண் ஆற வாய்ப்பு இருக்கிறது, எவ்வளவு ஆறும் என்பது உடம்பைப் பொறுத்தது, நிறுத்தாவிட்டால் அடுத்தது கிட்னி. வலிக்கு வேறு மாத்திரை கொடுத்தார்கள். பழக்கத்துக்கு மனநலப் பிரிவுக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்தவர்கள் எல்லாம் குடிகாரர்கள். வாரம் ஒருநாள் வட்டமாக உட்காரவைத்துப் பேசச் சொல்வார்கள். இவன் கதையைக் கேட்டுவிட்டு ஒரு பெரிய மீசைக்காரர், "ஏப்பா, நாங்களாச்சும் ஆடிப் பாடி நாலு பேரு கூட சண்ட போட்டுக் கெட்டோம். நீ கதவச் சாத்திக்கிட்டுத் தனியாப் படுத்தே கெட்டுருக்கியே" என்றார். அவன் சிரித்தான். பல மாதம் கழித்து அன்றுதான் அவன் சிரித்து நான் பார்த்தேன்.

அங்கிருந்த ஆலோசகர் என்னையும் அக்காவையும் தனியாகக் கூப்பிட்டு, வீட்டுக்குப் போனபின் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சொன்னார். பழைய சிநேகிதர்களின் நம்பரை எடுத்துவிடச் சொன்னார். மனம் சோர்ந்து போவான், தூக்கம் வராது, திட்டாதீர்கள் என்றார். அதற்கு மாத்திரை எழுதியிருக்கிறது, தவறாமல் கொடுங்கள் என்றார். எழுந்திருக்கும்போது ஒன்று சொன்னார்: "சத்தியம் மட்டும் வாங்காதீங்க. ஆசை வந்தா வந்துச்சுன்னு சொல்ல விடுங்க."

எனக்கு அது கிறுக்குத்தனமாகப் பட்டது. சத்தியம் வாங்காமல் ஒருவனை எப்படி நம்புவது? எங்கள் ஊரில் குடியை விடுகிறவன்கூட சாமி முன்னால் கயிறு கட்டிக்கொண்டுதான் விடுகிறான்.

வீட்டுக்கு வந்த அன்றைக்கே அக்கா தெருமுனைக் கோயிலில் சூடம் ஏற்றினார். மகனைக் கூட்டிப்போய் நிறுத்தி, அவன் கையை எடுத்துத் தன் உச்சந்தலையில் வைத்துக்கொண்டார்.

"இனிமே தொட மாட்டேன்னு என் தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணு. நீ மீறுனா எனக்குத்தான் ஏதாச்சும் ஆகும். அத நெனச்சுக்க."

அவன் தயங்கினான். "பண்ணுடா, அம்மாதான கேக்குது" என்றேன். பண்ணினான். அக்கா திருநீறு பூசிவிட்டு, இனிமேல் பயமில்லை என்று என்னிடம் சொன்னார். எனக்கும் பாரம் குறைந்த மாதிரி இருந்தது.

அதன்பின் அவன் நன்றாக இருப்பதாகத்தான் நினைத்தோம். வலி இல்லை என்பான். ஆஸ்பத்திரிக் கூட்டத்துக்குப் போய்விட்டு வந்தேன் என்பான். உடம்பு மட்டும் தேறவில்லை. அக்காவிடம் வழக்கத்தைவிட அதிகமாக ஒட்டிக்கொண்டிருந்தான். வண்டி தள்ளப் போகிறவரை வெயிலில் போகாதே என்பான். ரோட்டைக் கடக்கும்போது கையைப் பிடித்துக்கொள்வான். அக்கா அதைச் சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டார். "மாறிட்டான் தம்பி. இப்பத்தான் ஆத்தா அருமை தெரியுது."

ஐப்பசி மழையில் ஒரு காலையில் அக்கா போன் பண்ணினார். குளிர்க் காய்ச்சலில் அவன் உடம்பு தூக்கிப் போட்டது. முதுகைத் தொடவிடவில்லை. அதே ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் கொண்டுபோனோம். இரண்டு கிட்னியும் வீங்கியிருந்தன. சிறுநீர் இறங்க வழியில்லாமல் மேலே தேங்கி, கிருமி பரவியிருந்தது. முதுகில் துளைபோட்டுக் குழாய் வைத்துப் பை மாட்டினார்கள். பிழைப்பானா என்று கேட்டதற்கு, முதலில் காய்ச்சல் இறங்கட்டும் என்றார் டாக்டர்.

காய்ச்சல் விட்ட பிறகு நான் அவன் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அக்கா சுவரோரம் தரையில் இருந்தார். அவனே சொன்னான். சத்தியம் பண்ணிச் சில வாரங்களிலேயே மறுபடி தொட்டிருக்கிறான். ஒரே ஒரு தடவைதான் என்று நினைத்திருக்கிறான்.

"அப்பவே சொல்லியிருக்கலாமேடா" என்றேன்.

"வாய் வரைக்கும் வந்துச்சுண்ணே. எப்படிச் சொல்ல? அம்மா தலையில அடிச்சுல்ல பண்ணிருக்கேன்."

சுவரோரம் இருந்த அம்மாவை ஒருமுறை பார்த்துவிட்டு மேலே சொன்னான்.

"தொட்ட அன்னைக்கிருந்து நான் தூங்கலண்ணே. அம்மாவுக்கு மூச்சு வருதான்னு பாத்துக்கிட்டே இருப்பேன். இருமுனாப் போதும், போச்சு, என்னாலதான்னு உக்காந்துருவேன். அந்தப் பயத்த நிறுத்த எங்கிட்ட வேற என்னண்ணே இருக்கு? அதையேதான் எடுத்தேன்."

அவன் அம்மாவிடம் ஒட்டிக்கொண்டிருந்தது ஏன் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. சத்தியம் பண்ணு என்று என் வாயால் சொன்னதும் நினைவுக்கு வந்தது. நான் அக்காவைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அக்காவே எழுந்து வந்தார். அழவில்லை. ஊசி குத்தியிருந்த அவன் கையை மெதுவாகத் தூக்கித் தன் தலைமேல் வைத்தார். பிறகு தானே அதை எடுத்துப் போர்வைமேல் வைத்தார்.

"எடுத்துட்டேன். நான் வாங்குன சத்தியம், நானே திருப்பிக் குடுத்துட்டேன். எனக்கு ஒண்ணும் ஆகாது. நான் செத்தா வயசாகித்தான் சாவேன், உன்னால இல்ல. இனிமே எதா இருந்தாலும் எங்கிட்டச் சொல்லு. அடிக்க மாட்டேன்."

"தொட்டுட்டாக்கூடயா?"

"தொட்டுட்டாக்கூட."

பக்கத்துக் கட்டில்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் போர்வையை முகத்தில் இழுத்துக்கொண்டான்.

அவன் பிழைத்தான். குழாயை எடுக்கப் பல வாரங்கள் ஆயின. எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதத்தான் ஆசை. ஆகவில்லை. சிறுநீர்ப்பை பழைய அளவுக்கு விரியாது என்று சொல்லிவிட்டார்கள். நீளமான பஸ் பயணம் அவனால் இன்னும் முடியாது. குடலில் ஒரு பகுதியை எடுத்துப் பையைப் பெரிதாக்குகிற ஆபரேஷன் தேவைப்படலாம், இப்படியே தொடாமல் இருந்தால் கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம் என்கிறார் டாக்டர். கோபுரம் ஏறுவதில்லை. முதலாளியின் குடோனில் பழுதான லைட் போர்டுகளைச் சரிசெய்கிறான். வாரக் கூட்டத்துக்கு இப்போது நிஜமாகவே போகிறான். மீசைக்காரர் இரண்டு தடவை குடித்துவிட்டு மறுபடி வந்து சேர்ந்தார் என்று சிரித்துக்கொண்டே சொன்னான். இவனும் ஒருமுறை சறுக்கினான். ஆனால் அன்றைக்கே அம்மாவிடம் சொன்னான். அக்கா சொன்னபடியே அடிக்கவில்லை. வண்டியை அப்படியே போட்டுவிட்டு, அவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்.

போன மாதம் ஒரு சாயங்காலம் ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே டீ குடித்துக்கொண்டிருந்தோம். பேச்சுக்கு நடுவில் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "அண்ணே, இன்னைக்கு வேணும்போல இருக்கு" என்றான்.

"ரொம்பவா?" என்று கேட்டேன்.

"ரொம்ப."

"சரி, உக்காரு. அக்காவையும் இங்கயே வரச் சொல்றேன்."

மூன்று பேரும் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து தேனி பஸ்களும் திண்டுக்கல் பஸ்களும் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நடுவில் அவன் எழுந்து கழிப்பறைக்குப் போய்விட்டு வந்தான். போய்த் திரும்பும்வரை அக்கா அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். வந்து உட்கார்ந்ததும், "இப்ப எப்படிடா இருக்கு?" என்று கேட்டார். "கொஞ்சம் கொறைஞ்சிருக்கும்மா" என்றான். இன்னொரு டீ சொன்னோம்.

வேணும்போல இருக்கிறது என்று அவன் சொல்லும் ஒவ்வொரு தடவையும் எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. எதுவும் சொல்லாமல் நல்லா இருக்கேண்ணே என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிற நாளில் அதைவிட அதிகமாகப் பயப்படுகிறேன்.